கரும்புக்குள் இருந்த ஓடை

"சார், எங்க ஊரு ஓடைய மேப்புல போடாம விட்டது நீங்கதானா?"

ஒரு பெண் குரல் இப்படிக் கேட்டபோது நான் மஸ்கட்டில் ஒரு மலையாளி ஓட்டலில் மீன் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தப்பான எண் என்று நினைத்துத் துண்டிக்கப் போனேன். அதற்குள் அவர் என் பெயரை இனிஷியலோடு சொன்னார். திட்டக்குடிக்கு மேற்கே இருக்கும் ஒரு கிராமத்தின் பெயரையும் சொன்னார். பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது.

அவர் ஜெயசீலி. திட்டக்குடியில் ஓர் இ-சேவை மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து ஊராருக்கு ஜாதிச் சான்றும் வருமானச் சான்றும் எடுத்துக் கொடுக்கிறவர். அவர் ஊர்ப் பக்கம் புதிதாக ஒரு சாலை போட்டிருக்கிறார்கள். மேட்டு நிலத்திலிருந்து வரும் ஓடை ஒன்று அந்தச் சாலையைக் கடந்துதான் வெள்ளாற்றுக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் பாலமும் இல்லை, ஒரு குழாய்கூட இல்லை. கேட்டால், வரைபடத்தில் ஓடையே இல்லையே, இல்லாத ஓடைக்கு யார் பாலம் கட்டுவார்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இவர் விடவில்லை. தகவல் கேட்டு மனுப் போட்டு அந்த வரைபடத்தையே வாங்கிவிட்டார். அதன் மூலையில், கள ஆய்வு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்திருக்கிறது.

என் பிழைப்பு, நிலத்தின் மேடு பள்ளங்களை அளந்து வரைபடமாக்குவது. சொந்த ஊர் கோவில்பட்டி. ஓமானுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தனியார் கம்பெனியில் இருந்தேன். இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கிற செம்மண் மேட்டையும், அதிலிருந்து இறங்குகிற ஓடைகளையும் நாங்கள்தான் வரைந்து கொடுத்தோம். மேலே ட்ரோன் பறந்து படம் எடுக்கும், கணினி உயரம் கணக்குப் போடும். சந்தேகமான இடங்களில் ஓர் ஆள் காரிலிருந்து இறங்கி, நடந்து பார்த்து, 'நேரில் பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆள் நான்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து பழைய படங்களைத் திறந்தேன். ஜெயசீலி சொன்ன இடத்தில் பச்சையாக ஒரு நீளப் பட்டை. அதன் மேல் 'கரும்பு' என்று நானே எழுதியிருந்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. அது ஓடை. ஓடை காய்ந்து கிடந்த காலத்தில் யாரோ அதற்குள்ளேயே கரும்பு நட்டிருக்கிறார்கள். ஓடையின் ஆழம் இரண்டு ஆள், கரும்பின் உயரமும் ஏறக்குறைய இரண்டு ஆள். மேலே இருந்து பார்த்த இயந்திரத்துக்குக் கரும்பின் தோகைதான் தரை. பள்ளம் நிரவிப்போய், இரண்டு பக்கத்துப் புன்செய்க் கொல்லைகளோடு சமமாகிவிட்டது. காரை விட்டு இறங்கி நாலு தப்படி வைத்திருந்தால் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ஏன் இறங்கவில்லை என்பதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதுதான் கொடுமை. அன்று மத்தியானத்துக்குள் சிதம்பரம் போய்ச் சேர வேண்டும் என்று அவசரம். வேலையாக இல்லை, கத்தரிக்காய் கொத்சு சாப்பிட. சிதம்பரத்துக்காரரான எங்கள் டிரைவர் ஒரு வாரமாக அந்தக் கொத்சைப் பற்றிச் சொல்லிச் சொல்லி நாக்கில் நீர் ஊற வைத்திருந்தார். நானும் ஒரு சாப்பாட்டு ராமன்.

இங்கே ஓமானில் ஓடையை வாதி என்பார்கள். வருடத்தில் முந்நூறு நாள் சும்மா கிடக்கும். ஆனாலும் சாலை அதைக் கடக்கிற இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பம் நட்டு, தண்ணீர் இந்த அளவுக்கு மேல் போனால் வண்டியை நிறுத்து என்று எழுதி வைத்திருப்பார்கள். விடுப்புக் கேட்டபோது என் ஓமானி மேலாளர் அரபியில் சொன்னது இது: "ஒரு வாதியைப் பார்க்க இந்தியா வரைக்கும் போகிறாயா? இங்கே உனக்கு வாதி போதவில்லையா?" அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். ஏழு நாள் கொடுத்தார்.

கடலூரில் வந்து இறங்கியது ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் எதுவும் இருக்காது. திருப்பாதிரிப்புலியூரில் அறை எடுத்து, ஒரு கடையில் லெவல் கருவியும், பதின்மூன்றடிக்கு இழுத்து நீட்டுகிற, அளவு குறித்த ஸ்டாஃப் கம்பும் வாடகைக்கு வாங்கினேன். முக்காலி மேல் கருவியை வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும், எதிரே ஒருவர் ஸ்டாஃபை நேராகப் பிடித்து நிற்க வேண்டும். பழைய முறைதான். ஆனால் கரும்பைப் பார்த்து ஏமாறாது.

மத்தியானம் துறைமுகத்துப் பக்கம் சாப்பிடப் போனேன். புரட்டாசி என்பதால் மீன் கடை ஈயாடியது. "வாங்க சார், இந்த மாசம் எங்களுக்கு நீங்கதான் சாமி" என்று கடைக்காரர் இலையைப் போட்டார். கிழங்கான் மீன் குழம்பு. புளியும் காரமும் தூக்கலாக, எங்கள் ஊர்ப் பக்கத்துத் தேங்காய் அரைத்த குழம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. இரண்டு முறை சோறு வாங்கினேன். எதற்கு வந்தோம் என்ற நினைப்பு நடுவில் வந்தபோது மட்டும் கொஞ்சம் இறங்க மறுத்தது. நினைப்பு போனதும் இறங்கிவிட்டது. என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் திட்டக்குடிக்குப் பஸ் ஏறினேன். வடலூரில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. "எல்லாரும் எறங்கிக்குங்க, பின்னால வர வண்டில ஏத்தி வுடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் டீக்கடைக்குப் போய்விட்டார். பின்னால் வந்த வண்டியில் கால் வைக்க இடமில்லை. தோளில் முக்காலி, கையில் ஸ்டாஃப். ஆட்கள் என்னைப் பார்த்துப் பாய் விற்கிறவன் என்று நினைத்திருக்கலாம்.

வடலூர்ச் சபைக்குப் பக்கத்தில் தருமச்சாலையில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் உட்கார்ந்தேன். சுடுசோறு, சாம்பார், ரசம். பக்கத்தில் இரண்டு வடநாட்டுத் தொழிலாளிகள் சாலை வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் இந்தியில் பேசிக்கொண்டதைத் தமிழில் சொல்கிறேன். "இந்த ஊர்க்காரர்கள் மழை வந்தாலும் திட்டுகிறார்கள், வராவிட்டாலும் திட்டுகிறார்கள்" என்றார் ஒருவர். "நம் ஊரில் மட்டும் என்னவாம்?" என்றார் மற்றவர். பரிமாறுகிற அம்மாள் என் இலையில் மூன்றாம் முறை சோற்றை வைத்துவிட்டு, "வேலையா வந்திருக்கியா தம்பி? நல்லா சாப்புடு" என்றார். யார், என்ன தப்புச் செய்தவன் என்று கேட்காமல் சோறு போடுகிற இடம். வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டு எழுந்தேன்.

திட்டக்குடியில் போய் இறங்கும்போது மணி ஐந்து. ஜெயசீலி பஸ் நிலையத்துக்கே வந்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். போனில் கேட்ட குரலை வைத்துக் காளியாத்தா மாதிரி ஒருவரை எதிர்பார்த்தேன். ஒல்லியாக, கழுத்தில் சிலுவை டாலர், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் என் வரைபடம்.

"வரமாட்டீங்கன்னுதான் சார் நெனச்சேன். எங்க மாமாகூட பந்தயம் கட்டுனாரு" என்றார்.

"திட்டணும்னா திட்டிரும்மா" என்றேன்.

"திட்டுறதுக்கா சார் கூப்ட்டேன்? மழ வரதுக்குள்ள குழாயாவது போடணும். அவ்ளோதான் எனக்கு."

மழைக்குள் என்று ஏன் அப்படி அழுத்திச் சொன்னார் என்பது மறுநாள் தெரிந்தது.

காலையில் ஸ்கூட்டியில் ஏற்றிப்போனார். மேற்கே போகப் போக மண் சிவந்துகொண்டே வந்தது. இந்த மேட்டைக் காலண்டர் படத்தில் போடமாட்டார்கள். மக்காச்சோளம், பருத்தி, நடுவில் முந்திரி, கண்ணுக்கு எட்டுகிற வரை ஒரே மட்டமாக இருப்பது போலத் தெரியும். ஆனால் மட்டம் இல்லை. ஒவ்வொரு கொல்லையும் ஒரு சாண், அரைச் சாண் என்று கிழக்கே சரிந்துகொண்டே போகிறது. பெய்கிற மழை அத்தனையும் அந்தச் சரிவைத் தேடிப் பிடித்து ஓடையில் சேர்ந்து வெள்ளாற்றுக்குப் போய், சேத்தியாத்தோப்பு தாண்டிக் கடலுக்குப் போகிறது. வரைகிறவனுக்கு அந்த அரைச் சாண்தான் எல்லாம்.

புதுச் சாலை ஏரிக்கரை போல உயரமாக நின்றது. அதற்குக் கிழக்கே ஓடை காய்ந்து முள்ளடைத்துக் கிடந்தது. மேற்கே, ஊர்ப் பக்கம், போன வருடத்துச் சேறு இன்னும் முழுசாகக் காயவில்லை. இப்போது அதில் யாரும் கரும்பு நடுவதில்லை, கோரைதான் மண்டிக் கிடந்தது.

"இது என்னா தெரியுதா சார்?" என்று கோரைக்கு அந்தப் பக்கம் காட்டினார் ஜெயசீலி. சிமெண்டுச் சிலுவைகள். அவர் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் கல்லறைத் தோட்டம்.

மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் சாலையில் முட்டித் திரும்பி அங்கேதான் நிற்கிறது. போன ஐப்பசியில் ஊரில் ஒரு சாவு. குழி வெட்ட இடமில்லாமல் வேறு ஊர்க் கல்லறைக்குக் கொண்டுபோனார்களாம். ஜெயசீலியின் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அப்பா சவரிமுத்துவுக்கு இரண்டு முறை நெஞ்சுவலி வந்துவிட்டது, மூன்றாவதைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அப்பா என்னிய வேற ஒண்ணும் கேக்கல சார். அம்மா பக்கத்துல வெச்சுடுங்கறாரு. எடமும் வுட்டு வெச்சிருக்கோம். மழ நாளு பாத்துப் போயிட்டாருன்னா என்னா பண்றது? அதான் எனக்குப் பயம்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்டாஃபை என் கையிலிருந்து பிடுங்கினார். "எங்க நிக்கணும், சொல்லுங்க."

அன்றைய வேலையை மறக்க முடியாது. நான் கருவியில் கண் வைத்துப் பார்க்க, அவர் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு கோரைக்குள் இறங்கினார். இறங்க இறங்க ஆளே மறைந்துபோனார், ஸ்டாஃபின் நுனி மட்டும் தெரிந்தது. வெள்ளை அடித்த சிலுவைகளில் போன வருடத் தண்ணீர் பழுப்பாகக் கோடு போட்டிருந்தது. குறுக்குக் கட்டைக்குச் சரியாக ஒரு விரல் கீழே, எல்லாச் சிலுவையிலும் ஒரே மட்டம். எங்கள் தொழிலில் வெள்ளம் வந்த உயரத்தை அளக்க இதைவிட நல்ல குறி கிடைக்காது. அவருடைய அம்மா சிலுவையில் ஸ்டாஃபை வைக்கச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் வேறு ஒன்றைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "பரவால்ல சார், அம்மா ஒண்ணும் சொல்லாது" என்று அம்மாவின் சிலுவையிலேயே வைத்தார்.

மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். சவரிமுத்து டிவிக்கு எதிரே கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை உற்றுப் பார்த்தார். தட்டில் கை வைத்த நேரத்தில், "நீங்க வெள்ளக் கார்ல வந்தவருதான?" என்றார்.

எனக்கும் அந்த முகம் அப்போதுதான் பிடிபட்டது. அன்று கரும்பு ஓரத்தில் கையில் கத்தியோடு நின்றவர். கார்க் கண்ணாடியை இறக்கி, "அங்க உள்ள என்னங்க இருக்கு?" என்று கேட்டேன். "கரும்புதான் சார். எறங்கி வாங்க, ரெண்டு வெட்டித் தரேன், நல்லா இனிக்கும்" என்றார். நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். அவருடைய கரும்பைத் தின்ன இறங்கியிருந்தால்கூட இந்த ஊர் தப்பித்திருக்கும்.

"தப்பு என்னுதுதான் சார்" என்றார் சவரிமுத்து. நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார். "நீங்க கேட்டீங்க. நான் கரும்புன்னேன். அடியில பள்ளம், இது ஓடன்னு ஒரு வார்த்த சொன்னேனா? பொறம்போக்குல நட்டிருக்கோமே, சொன்னா புடுங்கிப் போடச் சொல்லிடுவாங்களோன்னு ஒரு பயம். அதான் சொல்லல. இப்ப மழ வந்தா ஊரே நிக்குது தண்ணில."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா, சொல்வது உங்கள் வேலை இல்லை, இறங்கிப் பார்ப்பது என் வேலை. பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜெயசீலி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். "அதெல்லாம் விடுங்கய்யா, பெரிசா நினைக்காதீங்க" என்றேன். நான் ஏதோ பெரிய மனது பண்ணி அவரை மன்னித்தது போல ஆகிவிட்டது. அவரும் கும்பிட்டார். சீ, என்ன மனுஷன் நான்.

புதன்கிழமை காலையில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து கடிதம் தயாரித்தோம். நான் சொல்லச் சொல்ல ஜெயசீலி தட்டினார். இன்ன இடத்தில் ஓடை இருக்கிறது, இன்ன ஆழம், இன்ன அகலம், வெள்ளம் வந்த உயரம் இவ்வளவு. கடைசியில் எப்படி விட்டுப்போனது என்று ஒரு வரி வேண்டும். மஸ்கட்டில் கள ஆய்வுப் பிரிவுக்கு என்னைத் தலைமையாக்குவதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. போகாத இடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்தால், அந்தத் தாள் எங்கே போய் எவன் கண்ணில் படுமோ என்று குலை நடுங்கியது. "கருவிப் பிழையால் விடுபட்டது" என்றேன்.

ஜெயசீலியின் விரல் நின்றது. "கருவிப் பிழையா சார்?"

"ஆமாம்மா. அப்படித்தான் எழுதுறது வழக்கம்."

திரையின் பக்கம் திரும்பினார். பிறகு தட்டினார். இல்லாமல் போன கம்பெனியின் மேலும், வாயில்லாத இயந்திரத்தின் மேலும் பழியைப் போட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன். என்னுடைய இரண்டாவது பொய்க் கையெழுத்து. அன்று சாயங்காலமே கடலூரில் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கொடுத்தோம். அங்கே பொறியாளராக இருந்த அம்மா, வியாழன் மத்தியானம் கூட்டம் இருக்கிறது, அதில் வைக்கிறேன், ஒப்புக்கொண்டால் பாலம் பிறகு கட்டினாலும் தீபாவளிக்குள் குழாயைப் போட்டுத் தண்ணீரை விட்டுவிடலாம் என்றார். ஜெயசீலி சந்தோஷத்தில் வாசலில் இருந்த முந்திரிக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி என் கையில் திணித்தார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை. கூட்டத்துக்கு ஜெயசீலி போகிறார். நான் சிதம்பரம் கிளம்பிவிட்டேன். கோயிலுக்குள் நுழைந்து ஆட்களோடு ஆட்களாக நின்று, வெளியே வந்து கீழவீதியில் சுற்றினேன். வேலை முடிந்துவிட்டது, நல்ல காரியம் பண்ணிவிட்டோம் என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தது. மத்தியானம் ஒரு சின்ன ஓட்டலில் சம்பா சாதமும் கொத்சும் வந்தன. மிளகு வாசத்தோடு சாதம், நன்றாக மசிந்த கத்தரிக்காய், கொஞ்சம் புளிப்பு. அன்றைக்குச் சாப்பிட்டதைவிட நன்றாகவே இருந்தது. பாதி சாப்பிட்டிருப்பேன், போன் அடித்தது.

"சார், நீங்க உடனே வரணும்." ஜெயசீலியின் குரல் உடைந்திருந்தது. "கருவிப் பிழைன்னா இந்த ஒரு எடம் இல்லியாம். அன்னிக்குப் பறந்த மொத்த மேப்பும் சந்தேகமாம். எல்லாத்தையும் மறுபடி எடுக்கணும்னு மேல எழுதப் போறாங்களாம். வருஷக் கணக்கு ஆகுமாம் சார். ஆளு பண்ண தப்புன்னா இங்கியே திருத்திக்கலாமாம். அந்த அம்மாவே சொல்றாங்க. மூணு மணிக்கு மீட்டிங்க முடிச்சிடுவாங்க சார்."

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்து ஓடினேன். பஸ் கிடைத்தது. புதுச்சத்திரம் வரைக்கும் பறந்தது. அதற்கப்புறம் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சாலை நடுவே அச்சு முறிந்து நின்றிருந்தது. இந்தப் பக்கம் அரை மைல், அந்தப் பக்கம் அரை மைல் வண்டிகள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். "அண்ணே, அர்ஜென்ட்டுண்ணே" என்றேன். "யாருக்கு சார் அர்ஜென்ட்டு இல்ல? அந்த லாரிக்காரன கேட்டுப் பாருங்க, அவனுக்கும்தான்" என்றார். நடந்து தாண்டி, பைக்கில் வந்த ஒருவரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, முதுநகர் வரை வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்தேன்.

அலுவலகத்தில் நுழைந்தபோது மணி நாலே கால். கூட்டம் முடிந்து டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

பொறியாளர் அம்மாவின் மேஜையில் இருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கையாலேயே எழுதினேன். அந்த இடத்தில் நான் காரை விட்டு இறங்கவில்லை. நடந்து பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். மற்ற இடங்களை நடந்து பார்த்திருக்கிறேன், அவற்றில் பிழை இல்லை. நாலே வரி. எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மஸ்கட் வேலையும் தலைமைப் பதவியும் எழுதும்போது நினைவுக்கே வரவில்லை. இதற்குப் போயா நேற்று அப்படி நடுங்கினேன் என்று இருந்தது.

அந்த அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத நேத்தே குடுத்திருக்கலாமே சார். இன்னிக்கே பாஸ் ஆகியிருக்கும்."

"அடுத்த கூட்டம் எப்போங்க?"

"தீபாவளி கழிச்சுதான். அதுக்குள்ள மழை புடிச்சுக்கும். ரோட்ட வெட்ட முடியாது. வேலை ஆரம்பிக்கிறதுன்னா தை ஆகும்."

வெளியே வந்து ஜெயசீலியிடம் சொன்னேன். "உனக்குத் தெரியுமாம்மா, நேத்து நான் சொன்னது பொய்ன்னு?"

"தெரியும் சார். நீங்க எறங்காதத எங்கப்பா நூறு வாட்டி சொல்லியிருக்காரே. நீங்க அவ்ளோ தூரத்துலேந்து வந்திருக்கீங்க. உங்கள எப்படிப் பொய்யின்னு சொல்றது? இது வழக்கம்னு வேற சொன்னீங்க." அவர் அழவில்லை. வராந்தாவுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார். "அப்பா தை வரைக்கும் தாண்டிட்டா போதும் சார்."

மறுநாள் காலை சென்னைக்கு வண்டி, சாயங்காலம் விமானம். திட்டக்குடிக்குப் போய்ச் சவரிமுத்துவின் எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தால் விமானம் போய்விடும். போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. பாலம் கட்டியதும் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு நாள் ஜெயசீலியின் எண் போனில் வந்தது. வேலை நடக்கிற இடத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், ஆர்டர் வந்துடுச்சு. குழாய் இல்ல, பாலமே கட்டறாங்களாம். தையில ஆரம்பிக்கிறாங்க. மேப்புலயும் ஓடைய ஏத்திட்டாங்க. சொல்லணும்னுதான் போன் பண்ணேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த ஓமானியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "அப்பாகிட்ட சொன்னியாம்மா? என்ன சொன்னாரு?"



"அப்பா போயி பத்து நாள் ஆச்சு சார். விடாம மழ. கல்லறத் தோட்டத்துல இடுப்பளவு தண்ணி. ரெண்டு நாள் ஐஸ் பெட்டில வெச்சுப் பாத்தோம், வடியல. அப்பறம் மாமாவுக்குத் தெரிஞ்ச ஊர்ல ஃபாதர்கிட்ட கேட்டு அங்க வெச்சுட்டு வந்தோம்."

அவரே பேசினார்.

"கடைசியில அப்பாவே சொன்னாரு சார். 'ஓடன்னு அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லாம வுட்டேன், உங்கம்மா பக்கத்துல போவ முடியலன்னா எனக்கு அது வேணும்தான்'னாரு. இல்லப்பா, அந்த சாரு தப்பு அவருதுன்னு கைப்பட எழுதிக் குடுத்துட்டாருன்னு நான் சொன்னேன். நம்பவே இல்ல. 'நல்ல மனுஷன், எனக்காவ எழுதியிருக்காரு. அவருதா இருந்தா, அன்னிக்கு இங்க உக்காந்து சோறு தின்னப்ப என் மொகத்துக்கு நேரா சொல்லியிருக்க மாட்டாரா'ன்னாரு."